ஸ்ப்ளிட்டுக்கு அரை நாளா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வுக்குப் பின் நானும் மனைவியும் செப்டம்பரில் ஒன்பது நாள் குரோஷியா செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். ஸாக்ரெப், ஸாடார், ஸ்ப்ளிட், ஹ்வார், கோர்ச்சுலா, டுப்ரோவ்னிக் என்பது வரிசை. ஸ்ப்ளிட் அரண்மனை முழுக்கக் கடைகளும் வீடுகளும் வந்து பழமை கெட்டுவிட்டது, அரை நாள் போதும் என்கிறார்கள். மிச்ச நேரத்தை எந்தத் தீவுக்குக் கொடுக்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

இருவருமாகக் கிளம்புகிறீர்கள் என்பதே மகிழ்ச்சி. ஆனால் ‘பழமை கெட்டுவிட்டது’ என்று யாரோ சொன்னதை நீங்கள் யோசிக்காமல் ஏற்றுக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. சில காலமாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான்.

ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305-இல் தாமாகவே பதவியைத் துறந்து வந்து தங்கிய கடலோர மாளிகை அது. 7ஆம் நூற்றாண்டில் அவார்களும் ஸ்லாவியரும் படையெடுத்தபோது, பக்கத்திலிருந்த சலோனா நகரத்து மக்கள் அதன் மதிலுக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். தூண்களுக்கிடையே சுவர் வைத்து வீடு கட்டினார்கள். பேரரசர் தமக்கென எழுப்பிய எண்கோணக் கல்லறை மண்டபம் தேவாலயமானது. இன்று அது, அவர் ஆட்சியில் கொல்லப்பட்ட சலோனா ஆயர் டோம்னியஸின் பேராலயம். விதானத்துக்குக் கீழே ஓடும் சிற்ப வரிசையில் டயோக்ளீஷியனுடையது என்று கருதப்படும் முகம் இருக்கிறது. அதன் கீழே டோம்னியஸின் பீடம் இருக்கிறது. இதையா அரை நாளில் பார்த்துவிடப் போகிறீர்கள்?

குடியேறியவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிய குப்பையால் நிலவறைகள் நிறைந்துபோயின. அந்தக் குப்பைதான் அவற்றைக் காத்தது. மேலே அரசரின் அறைகள் பெரும்பாலும் அழிந்துவிட்டதால், அவை எப்படி அமைந்திருந்தன என்பதை நிலவறைகளைக் கொண்டே அறிகிறார்கள். மக்கள் விட்டுப்போன சலோனாவோ புல் முளைத்த இடிபாடாகக் கிடக்கிறது. மனிதர்கள் குடியிருந்ததால்தான் அரண்மனை பிழைத்தது, ஐயா.

நான் அங்கே தங்கியிருந்தபோது, பழைய கல்வளைவுக்குள் பொருத்திய பச்சை மரச் சன்னலைத் திறந்து ஒரு மூதாட்டி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக மாட்டிக் கப்பிக் கயிற்றை இழுக்க, ஈர விரிப்புகள் சந்துக்குக் குறுக்கே நகர்ந்தன. உடன் வந்தவர் ஒருவர், அந்தத் துணிகள் புகைப்படத்தைக் கெடுப்பதாகக் குறைபட்டார். அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. அவ்விடத்துக்கு உண்மையான கேடு, வீடுகள் பயணியருக்கான வாடகை அறைகளாக மாறி, அங்கே வாழ்பவர்கள் வெளியேறிக்கொண்டிருப்பதே. டுப்ரோவ்னிக் கோட்டை நகரத்திலும் இதே கதைதான்.

விசா பற்றிக் கவலை வேண்டாம். 2023 முதல், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் யூரோவும் அங்கே செல்லும். ஸாக்ரெப்பையும் ஸாடாரையும் விட்டுவிடுங்கள். தீவு என்றால் ஹ்வார். அதிலும் கேளிக்கைக் கூட்டம் மொய்க்கும் துறைமுகத்துக்குப் போகாமல் ஸ்டாரி கிராடுக்குப் போங்கள். கி.மு. 384-இல் பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் கல்வரப்பு வைத்துப் பிரித்த வயல்களில் இன்றும் திராட்சையும் ஒலிவமும் விளைகின்றன. ஸ்ப்ளிட்டில் நான்கு இரவு தங்குங்கள். அறையை மதிலுக்கு வெளியே எடுங்கள். கிழக்கு வாயிலை ஒட்டிய காய்கறிச் சந்தை காலையிலேயே கூடிவிடும், அந்த வழியாக உள்ளே நுழையுங்கள்.