தொலைவில் உள்ள கணினிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்வது: கேள்வி பதில்

கேள்வி (திருப்பூர், பனியன் ஏற்றுமதி அலுவலகம்): வணக்கம் அண்ணா. பையரின் சர்வருக்கு இரவுதோறும் பேக்கிங் லிஸ்ட் கோப்புகளை எஸ்எஃப்டிபி (கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்பும் முறை) வழியாக அனுப்புகிறோம். பாஸ்வேர்டு, தானாக அனுப்பும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே இருக்கிறது. இப்போது எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியுடன் பாதுகாப்பாக இணையும் முறை) கீ கேட்கிறார்கள். இது அவசியந்தானா?

பதில்: அவசியந்தான். பாஸ்வேர்டு முறையில் உங்கள் ரகசியமே ஒவ்வொரு முறையும் மறுமுனைக்குப் போய்ச் சேருகிறது. வழியில் அது மறையாக்கத்துக்குள் இருந்தாலும், மறுமுனையில் போலி சர்வர் இருந்துவிட்டால் முழுதாக அதன் கையில் விழுந்துவிடும். கீ முறையில் இரண்டு கீகள் ஜோடியாக உருவாகின்றன: ரகசியமாக வைத்திருப்பது பிரைவேட் கீ, மறுமுனைக்குக் கொடுப்பது பப்ளிக் கீ. பிரைவேட் கீ உங்கள் கணினியை விட்டு நகர்வதே இல்லை. அந்த ஓர் இணைப்புக்கு மட்டுமே செல்லுபடியாகும் கையெழுத்துதான் வெளியே போகிறது. எஸ்எஸ்எச் பிறந்த காரணமும் இதுவே: ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் பாஸ்வேர்டுகள் களவு போனதைக் கண்டு, தாத்து யிலோனென் 1995இல் அதை எழுதினார்.

நம் பகுதியில் அடிக்கடி நான் காணும் தவறு, ஆலோசகர் தம் லேப்டாப்பில் கீ உருவாக்கி, பிரைவேட் கீயையே வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அனுப்பும் சர்வரிலேயே இடி25519 வகைக் கீயை உருவாக்கி, பப்ளிக் கீயை மட்டும் பையருக்குக் கொடுங்கள். முதல் இணைப்பில் திரையில் வரும் ஃபிங்கர்பிரின்ட்டை (சர்வரின் கீயை அடையாளம் காட்டும் எழுத்துவரிசை) பார்க்காமல் ‘யெஸ்’ தட்டிவிடாதீர்கள். பையரின் ஐடி பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

கேள்வி (கரூர், வீட்டு ஜவுளி): எங்கள் பையர் ஏஎஸ்2 (இணையம் வழியாக வணிகக் கோப்புகளைப் பரிமாறும் முறை) கேட்கிறார். சான்றிதழ் (பப்ளிக் கீயும் அதன் காலாவதித் தேதியும் அடங்கிய கோப்பு) விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 2005இல் ஆர்எஃப்சி 4130 என்னும் இணையத் தரநிலை ஆவணமாக வெளிவந்த இந்த முறையில், உங்கள் பிரைவேட் கீயால் கோப்பில் கையெழுத்திட்டு, பையரின் பப்ளிக் கீயால் பூட்டி அனுப்புகிறீர்கள், பெற்றதற்கு அடையாளமாக எம்டிஎன் என்னும் ரசீது திரும்பி வருகிறது. அந்த ரசீதையும் கையெழுத்துடனே கேட்டு வாங்குங்கள், அப்படி வாங்கினால் கோப்பு வந்து சேரவில்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தில் தீபாவளி விடுமுறையின்போது சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. மூன்று நாள் கோப்புகள் எல்லாம் ‘அனுப்பப்பட்டது’ என்றே திரையில் தெரிந்தன; ரசீதைத் திறந்தால் மட்டுமே ‘ஆதன்டிகேஷன் ஃபெயில்டு’ (அடையாளச் சரிபார்ப்பு தோல்வி) என்ற வரி கண்ணில் படும், அதை யாரும் திறக்கவில்லை. அன்று முதல், காலாவதிக்கு 30 நாள் முன்பே பையருக்குப் புதிய சான்றிதழை அனுப்பிவிட வேண்டும் என்று எல்லோரிடமும் வலியுறுத்துகிறேன்.

கேள்வி (கோவை, பம்ப்செட் உற்பத்தி): டீலர்களின் மென்பொருள் எங்கள் இஆர்பியுடன் (நிறுவன நிர்வாக மென்பொருள்) பேச ஏபிஐ கீ (மென்பொருளுக்குத் தரும் நிலையான ரகசிய எண்) போதுமா, ஓஆத் (தற்காலிக அனுமதி தரும் முறை) வேண்டுமா?

பதில்: இருப்பு நிலவரத்தைப் பார்க்க மட்டும் என்றால், டீலருக்கு ஒன்றாகத் தனித்தனி ஏபிஐ கீ போதும். ஆர்டர் பதிவு, விலை மாற்றம் என்று வந்துவிட்டால் ஓஆத் 2.0இன் கிளையன்ட் கிரெடென்ஷியல்ஸ் முறைக்குப் போய்விடுங்கள். அதில் டீலரின் மென்பொருள் கிளையன்ட் சீக்ரெட் என்னும் தன் ரகசியத்தைக் காட்டி, டோக்கன் என்னும் தற்காலிக அனுமதிச்சீட்டை வாங்குகிறது. டோக்கனின் ஆயுளைச் சில நிமிடங்களாகவே வைக்கலாம் என்பதால், டோக்கன் களவு போனாலும் சேதம் சிறிது. ஆனால் கிளையன்ட் சீக்ரெட்டும் ஒரு பாஸ்வேர்டுதான் என்பதை மறக்கக் கூடாது. பணம் நகரும் இணைப்புகளுக்கு இரு முனைகளும் சான்றிதழ் காட்டும் மியூச்சுவல் டிஎல்எஸ்ஸையே நான் பரிந்துரைப்பேன். பெயரையும் பாஸ்வேர்டையும் ஒவ்வொரு கோரிக்கையுடனும் அனுப்பும் பேசிக் ஆதன்டிகேஷனில் தெரியும் புரியாத எழுத்துகளை மறையாக்கம் என்று நம்ப வேண்டாம். அது பேஸ்64 என்னும் எழுத்துமாற்றம் மட்டுமே, யாரும் நொடியில் பிரித்துவிடலாம்.

கேள்வி (ஈரோடு): எங்கள் ஐபி முகவரியை மட்டும் அனுமதித்தால் போதாதா?

பதில்: போதாது. ஐபி எங்கிருந்து வருகிறது என்று சொல்லுமே தவிர, யார் வருகிறார் என்று சொல்லாது. கீயுடன் சேர்த்து வையுங்கள்.

கேள்வி (பெருந்துறை): இணைப்பை அமைத்த ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார். என்ன செய்வது?

பதில்: இன்றே புதிய கீயை உருவாக்குங்கள். அது வேலை செய்வதை உறுதி செய்துகொண்ட பிறகு, பையர் பக்கத்து ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் (அனுமதிக்கப்பட்ட பப்ளிக் கீகளின் பட்டியல்) பழைய வரியை நீக்கச் சொல்லுங்கள். நீக்கிவிட்டார்களா என்பதற்கு, பழைய கீயால் ஒருமுறை நீங்களே இணைந்து பாருங்கள். கதவு திறக்கக் கூடாது.