டெஸ்க்டாப்பில் மங்கலாகத் தெரியும் ஃபைல்கள் வைரஸா?

கேள்வி: என் மடிக்கணினியின் டெஸ்க்டாப்பில் ‘டெஸ்க்டாப்.ஐஎன்ஐ’ என்ற பெயரில் மங்கலான இரண்டு ஃபைல்கள் திடீரென்று தோன்றியுள்ளன. அழித்தாலும் திரும்ப வந்துவிடுகின்றன. வைரஸ் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஃபார்மட் செய்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து ஃபார்மட் செய்ய வேண்டாம். நீங்கள் விவரிப்பவை பெரும்பாலும் விண்டோஸின் சொந்த ஃபைல்களே. ஒரு ஃபோல்டர் எந்த ஐகானுடன், எந்தப் பெயரில் தெரிய வேண்டும் என்ற குறிப்பை விண்டோஸ் இந்தச் சிறிய ஃபைலில் எழுதிவைக்கிறது. அழித்துவிட்டால், தேவைப்படும்போது அதுவே மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். உங்கள் கணக்குக்குரிய டெஸ்க்டாப்பில் ஒன்றும், எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான டெஸ்க்டாப்பில் ஒன்றும் இருக்க, விண்டோஸ் இரண்டையும் ஒரே திரையில் சேர்த்துக் காட்டுவதால்தான் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் தெரிகின்றன.

அவை முன்பும் அங்கேயே இருந்தன. இப்போது கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவுதான். பென் டிரைவில் காணாமற்போன ஃபைல்களைத் தேடும்போதோ வேறு ஏதோ காரணத்துக்காகவோ யாரேனும் ஓர் அமைப்பை மாற்றியிருக்கக்கூடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘வியூ’ தாவலைத் திறந்து, ‘ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்ற வரியில் மறுபடியும் டிக் செய்யுங்கள், இரண்டும் மறைந்துவிடும்.

வேர்டு ஆவணம் திறந்திருக்கும்போது அதன் அருகில் அலைக்குறியும் டாலர் குறியுமாகத் தொடங்கும் ஃபைல், படங்களின் சிறு வடிவங்களைச் சேமிக்கும் ‘தம்ப்ஸ்.டிபி’, மேக் கணினியில் செருகிய பென் டிரைவில் காணப்படும் ‘.டிஎஸ்_ஸ்டோர்’ ஆகியவையும் இப்படிப்பட்டவையே. சி டிரைவில் பல ஜிபி இடத்தைப் பிடித்திருக்கும் ‘பேஜ்ஃபைல்.சிஸ்’ஸும் வைரஸ் அன்று. நினைவகம் போதாதபோது விண்டோஸ் அதைத்தான் பயன்படுத்துகிறது.

பெயர் புரியாத ஃபைலைச் சந்தேகத்தின் பேரில் அழிப்பதே சில நேரங்களில் உண்மையான கேடாக முடியும். 2002-இல் ‘ஜேடிபிஜிஎம்ஜிஆர்.இஎக்ஸ்இ’ என்ற ஃபைலை உடனே அழிக்கும்படி ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் பரவியது. கரடிப் பொம்மை ஐகான் கொண்ட அந்த ஃபைல் விண்டோஸுடனேயே வந்த ஜாவா கருவி என்பதை அறியாமல், பலர் தங்கள் கையாலேயே அதை அழித்தார்கள்.

உங்கள் ஃபைலைச் சோதிக்க, முதலில் அதே ‘வியூ’ தாவலில் ‘ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்று தொடங்கும் வரியில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு முழுப் பெயரைப் பாருங்கள். ‘.ஐஎன்ஐ’ என்று முடிந்தால் நோட்பேடில் தயங்காமல் திறக்கலாம். ஐகானையும் பெயரையும் குறிக்கும் சில வரிகள் மட்டுமே உள்ளே இருக்கும், அளவும் பொதுவாக ஒரு கேபியைத் தாண்டாது. ‘.ஐஎன்ஐ’க்குப் பின்னால், இயங்கும் நிரலைக் குறிக்கும் ‘.இஎக்ஸ்இ’ என்ற வால் ஒட்டியிருந்தாலோ, பென் டிரைவில் உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தாலோ மட்டும் அவற்றை டபுள் கிளிக் செய்யாமல், விண்டோஸிலேயே உள்ள வைரஸ் தடுப்பு மென்பொருளான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் முழு ஸ்கேன் செய்யுங்கள்.