போனை வைத்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்

துபாய் தேராவில் பணம் அனுப்பும் கவுண்டரில் 17 வருடம் உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது கீழக்கரையில் இருக்கிறேன். பண மோசடி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கேள்விகள் வந்துவிட்டன. பொதுவாக எல்லோருக்கும் பயன்படுகிறவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பாம்பனில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். ராணுவ அதிகாரி என்று ஒருவர் அரைகுறைத் தமிழில் பேசி, முகாமுக்கு 40 கிலோ நெத்திலி வேண்டும் என்றார். முன்பணத்துக்கு ஒரு கியூஆர் படம் அனுப்பி, "ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், பணம் ஏறிவிடும்" என்றார். பயந்து விட்டுவிட்டேன். நல்ல வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டேனோ?

பதில்: ஒன்றும் கெடவில்லை அண்ணே. நெத்திலியும் உங்களிடம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. யுபிஐ பின் என்பது பணம் வெளியே போவதற்கும், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கும்தான். பணம் உள்ளே வர ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். சந்தேகப்படுகிறவர்களிடம் முதலில் 5 ரூபாய்க்குச் செய்து பார்க்கச் சொல்வார்கள். உடனே 10 ரூபாய் திருப்பி அனுப்புவார்கள். இறால் போட்டுச் சுறா பிடிக்கிற கதை. அடையாள அட்டை, சீருடைப் படம் எல்லாம் அனுப்பியிருப்பாரே? அது யாரோ ஒரு பாவப்பட்ட சிப்பாயின் படமாக இருக்கும்.

முன்பு "பணம் கேட்டு" ஒரு கோரிக்கை அனுப்புவார்கள், நாம் வருகிற பணம் என்று நினைத்து அமுக்கிவிடுவோம். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அப்படிக் கேட்பதை 2025 அக்டோபர் 1 முதல், யுபிஐயை நடத்துகிற என்பிசிஐ நிறுத்திவிட்டது. அந்த வாசல் அடைபட்டதால் கியூஆர் பக்கம் இன்னும் கவனமாக இருங்கள்.

கேள்வி: காக்கா (அண்ணன்), மகன் துபாயில். நேற்று இரவு வேறு நம்பரிலிருந்து அவன் படத்தோடு வாட்ஸ்அப் வந்தது. "உம்மா, போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, ரூம்காரர் கணக்குக்கு அவசரமாக 60,000 அனுப்புங்க" என்று. அனுப்பிவிட்டேன். காலையில் பழைய நம்பரிலேயே மகன் பேசுகிறான், அவன் கேட்கவே இல்லையாம்.

பதில்: தங்கச்சி, மீதியை அப்புறம் படியுங்கள். முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போனது, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்பதைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் அந்த வங்கிக்குத் தகவல் கொடுத்து, பணம் இன்னும் அங்கே இருந்தால் முடக்கி வைப்பார்கள். கணக்கு விட்டுக் கணக்கு மாற்றி எடுத்துவிட்டால் பிடிப்பது கஷ்டம், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். பிறகு உங்கள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: நாமே பின் போட்டு அனுப்பிய பணத்தை வங்கி தன் கையிலிருந்து தருவது அபூர்வம்.

கவுண்டரில் இருந்தபோது நம் பக்கத்து ஆள் ஒருவர் காதில் போனோடு வந்தார். "யாருக்கு அனுப்புறீங்க?" என்று கேட்டேன். அவர் போனில் இருந்த ஆளிடம் கேட்டுவிட்டு எனக்குப் பதில் சொன்னார்! போனை வைத்துவிட்டு வாருங்கள் என்றதும் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். மறுவாரம் வந்து, அந்தப் பேச்சையே எடுக்காமல் எனக்கு ஒரு சுலைமானி டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இனி புது நம்பர் என்று வந்தால் பழைய நம்பருக்கு ஒரு தடவை அடித்துப் பாருங்கள். குரலையே போலியாகச் செய்கிற காலம் இது. மகனிடம் வீட்டு விஷயம் ஏதாவது கேளுங்கள், பெருநாளைக்கு வாங்கிய ஆட்டின் நிறம் மாதிரி.

கேள்வி: தொண்டி. கல்லூரியில் படிக்கிறேன். என் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடுத்தால் மாதம் 5,000 தருவதாக நண்பனின் நண்பன் சொல்கிறான்.

பதில்: வேண்டாம் தம்பி. மேலே அந்த உம்மாவின் 60,000 போய் இறங்குவது உன் மாதிரிப் பையன்களின் கணக்கில்தான். போலீஸ் முதலில் தேடி வருவதும் உன்னைத்தான்.

கேள்வி: யாரோ ஒருவர், "தவறுதலாக உங்களுக்கு 8,000 ரூபாய் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று கெஞ்சுகிறார்.

பதில்: குறுஞ்செய்தியை நம்பாமல் கணக்கைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் பணமே வந்திருக்காது. வந்திருந்தாலும் அவர் சொல்கிற நம்பருக்கு நீங்களாக அனுப்பாதீர்கள். வேறு யாரிடமோ பறித்த பணமாக இருக்கலாம். வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள், வந்த வழியிலேயே திரும்பட்டும்.

இதற்கு நேர்மாறாக, கணக்கு எண்ணைத் தப்பாகப் போட்டவர்கள் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்டில் பணம் ஏறுவது எண்ணைப் பார்த்துத்தான், நீங்கள் எழுதுகிற பெயரைப் பார்த்து அல்ல. அனுப்பும் முன் கணக்குக்காரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. அந்தப் பெயரைப் படியுங்கள். யுபிஐயிலும் பெயர் வரும், நாம்தான் பார்ப்பதில்லை.

கேள்வி: ஏர்வாடி. கத்தார் வேலைக்கு ஏஜென்ட் 90,000 கேட்கிறார். பாதியை இன்றே அவருடைய சொந்த ஜிபே நம்பருக்கு அனுப்பச் சொல்கிறார்.

பதில்: பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. அதற்கு ரசீது தர வேண்டும். வெளிநாட்டு வேலைக்கான அரசின் ஈமைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைக் கேட்டதும் ஆள் சூடானால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவிபட்டினம். வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர், என் பெயரில் போதைப் பார்சல் பிடிபட்டதாகவும் என்னை "டிஜிட்டல் கைது" செய்திருப்பதாகவும் சொன்னார். காலை வைக்கக்கூடாது, வீட்டாரிடம் சொல்லக்கூடாது என்றார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போய் வைஃபை நின்றதால் தப்பித்தேன். மறுபடி கூப்பிடுவார்களா?

பதில்: கூப்பிடுவார்கள் ஐயா. டிஜிட்டல் கைது என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையாது. எந்தப் போலீஸும் வீடியோவில் கைது செய்வதில்லை, விசாரணைக்குப் பணத்தை மாற்றச் சொல்வதும் இல்லை. அந்த நம்பரையும் 1930-இல் சொல்லி வையுங்கள். அடுத்த தடவை கரண்ட் போகிற வரைக்கும் காத்திருக்காதீர்கள்.