"அம்மா உங்களைக் கேட்டவா"

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று வருடமாகப் பராமரிப்பாளராக இருக்கிறேன். மறதி நோய் உள்ளவர்களைத்தான் நான் பார்ப்பது. அதில் ஒரு அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பொழுதுபட்டால் கட்டில் விரிப்பை உருவி, தறப்பாள் மடிப்பதுபோல மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "சின்னவன் எங்க? அவன் வந்தாத்தான் வெளிக்கிடலாம்" என்பார். சின்ன மகன் 2009இல், கடைசி யுத்த நேரம் மாத்தளனில் காணாமல் போனவர். என்னோடு வேலை செய்கிற ஒருவர் ஒருநாள் "அவர் இப்ப இல்லையம்மா" என்று சொல்லிவிட்டார். இரவு முழுக்கக் குழறினார். அடுத்த நாள் திரும்பவும் அதே கேள்வி. நான் "கடைக்குப் போயிட்டார், வருவார்" என்று சொல்லி வருகிறேன். தினமும் பொய் சொல்வது மனதை உறுத்துகிறது. மூத்த மகன் கனடாவில். நல்லவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வட்சப்பில் எடுப்பார். அம்மாவுக்கு முகம் கழுவி, பவுடர் பூசி இருத்திவிட்டு, போனுக்குப் பின்னால் நின்று "மூத்தவன், மூத்தவன்" என்று வாயசைப்பேன். அம்மாவும் சொல்லுவார். "அம்மா உங்களைக் கேட்டவா" என்று நானும் சொல்லுவேன். அவருக்குச் சரியான சந்தோசம். நான் செய்வது பாவமா?
– ஒரு சகோதரி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்: பாவம்தான், பிள்ளை. ஆனால் நீர் நினைக்கிற இடத்தில் இல்லை.

கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். "அவர் இப்ப இல்லை" என்று சொன்னவருக்கு அது எப்படித் தெரியும்? 2017 மாசியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டத்தில் குந்திய தாய்மாரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவர்களுக்கு மறதி நோய் இருக்கவில்லை. அரசாங்கம் சொல்லாத பதிலை நைட் டியூட்டிக்கு வந்தவர் சொல்ல வேண்டாம். அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் அது புதுச் செய்தி. விடியச் செய்தி மறந்துவிடும், வயிற்றில் விழுந்த பயம் மட்டும் காரணம் தெரியாமல் கிடக்கும்.

நீர் சொல்கிற "வருவார்" அதைவிடப் பரவாயில்லை. ஆனால் அதுதான் அவரை வாசலில் காத்திருக்க வைக்கிறது. சின்னவனைப் பற்றிக் கேளும். என்ன கறி பிடிக்கும், பள்ளிக்கூடம் போக அழுவானா, யாரைப்போல இருப்பான் என்று கேளும். அவர் சொல்லட்டும், அதில் உமக்குப் பொய்க்கு வேலை இல்லை. விரிப்பையும் கையிலிருந்து பறிக்காதேயும். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை என்று யுத்தத்தில் இடம்பெயர்ந்து, இடத்துக்கு இடம் தறப்பாள் சுருட்டிய கை அது. மத்தியானம் சாப்பிட்டது மறந்துபோகும், கை பழகிய வேலை லேசில் மறக்காது. பக்கத்தில் இருந்து மற்ற நுனியைப் பிடியும். ஐந்து மணிக்கே லைட்டைப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஆய்வதற்கு ஒரு சுளகு முருங்கையிலை கொடுத்துப் பாரும். தடுமாற்றம் ஒரே நாளில் திடீரென்று கூடினால், நோய் முற்றிவிட்டது என்று சும்மா இருக்க வேண்டாம். சலத்தில் கிருமி இருந்தாலும், மலச்சிக்கல் இருந்தாலும் அப்படி வரும். நேர்சிடம் சொல்லும்.

அது அவ்வளவுதான். இப்போது நீர் கடைசியில் போகிற போக்கில் எழுதிவிட்டுப்போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

தாய்க்குச் சொல்வது உறுத்துகிறது என்று அத்தனை வரி எழுதினீர். மகனுக்குச் செய்வதை நல்ல காரியம்போல எழுதியிருக்கிறீர். தாய்க்கு நோய், அதனால் நெளிவுசுளிவாகக் கதைக்க வேண்டியிருக்கிறது. மகனுக்கு என்ன நோய்?

அந்த மனிதன் கதைப்பது தாயோடு இல்லை, உம்மோடு. அது தெரியாமல் அவர் அங்கே கணக்குப் போடுகிறார். அம்மா என்னை மறக்கவில்லை, இந்த வருடம் டிக்கெட் விலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அடுத்த ஆடிக்குப் பார்ப்போம் என்று. நீர் வாயசைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பயணம் தள்ளிப்போகிறது. இந்த நோயை மாற்ற மருந்து இல்லை. சில மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்சக் காலம் கைகொடுக்கும், போனதைத் திருப்பித் தராது. அடுத்த ஆடியில் அவர் வந்து நிற்கும்போது போனுக்குப் பின்னால் எங்கே ஒளிந்துகொள்வீர்?

இதை ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன் என்றால், நானும் செய்தவள்தான். லண்டனில் இருந்த அக்காவுக்கு இரண்டு வருடம் "அம்மா நல்லா இருக்கிறா, உன்னைத்தான் கேட்கிறா" என்றேன். அக்கா வந்து இறங்கியபோது அம்மா என்னிடம் திரும்பி, "இந்தப் பிள்ளை ஆர்? சாப்பிட்டிட்டுதா?" என்று கேட்டா. அக்கா அம்மாவோடு கோபிக்கவில்லை. என்னோடு இன்றைக்கும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவ செய்வது சரி.

பெற்றவளை இல்லத்தில் விட்டுவிட்டான் என்று நான் அந்த மகனைத் திட்டுவேன் என எதிர்பார்த்தீரோ தெரியாது. திட்ட மாட்டேன். கழுவித் துடைக்க, சோறு குழைத்து ஊட்ட ஆள் வைக்கலாம். தாயின் நிலை தெரிந்து துக்கப்படுவது பிள்ளையின் வேலை. அதற்கு ஆள் வைக்க முடியாது. உம்முடைய சம்பளமும் அதற்கு இல்லை. "நல்லவர், மனம் உடைந்துபோவார்" என்பீர். உடையட்டும். தம்பிக்காகப் பதினைந்து வருடத்துக்கு மேலாக உடைந்த மனதோடுதானே அவரும் இருக்கிறார்? அவரைச் சின்னப்பிள்ளையாக நடத்த உமக்கு யார் உரிமை தந்தது?

இன்னொன்றும் கேட்கிறேன். நாள் முழுக்கப் பம்பர்ஸ் மாற்றி, அடியும் கடியும் வாங்குகிற உமக்கும் அந்த ஐந்து நிமிடம் இனிக்கிறது, இல்லையா? "நீங்கள் இருக்கிறபடியால்தான் அம்மா நல்லா இருக்கிறா" என்று அவர் சொல்லியிருப்பார். அதை விடக் கஷ்டம்தான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இல்லப் பொறுப்பாளரிடம் முதலில் சொல்லும். அவர்கள் மழுப்பினால் அதற்காக விடாதேயும். ஞாயிறு வரை வைத்திருக்காமல், அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து மகனுக்கு நீரே எடும். "அண்ணா, அம்மாவுக்கு இப்ப உங்களைத் தெரியேல்லை. பெயரை நான்தான் சொல்லிக் குடுத்தனான். பிழை என்னிலதான்" என்று சொல்லும். மெதுவாக, இரண்டு தரம் சொல்லும். அவர் ஏசினால் கேளும். விரிப்பு மடிப்பதையும் வாசலுக்கு வருவதையும் சொல்லும். அதில் அவருக்குத் தெரிந்து உமக்குத் தெரியாத ஏதாவது இருக்கும்.

மகன் வந்தால், "என்னைத் தெரியுதா?" என்று அம்மாவிடம் பரீட்சை வைக்க வேண்டாம் என்று சொல்லி வையும். "நான் மூத்தவன், வந்திட்டன்" என்று தானே சொல்லிக்கொண்டு பக்கத்தில் இருக்கட்டும். பொழுதுபடுகிற நேரமாக வரட்டும். விரிப்பின் மற்ற நுனியை அவர் பிடிக்கட்டும்.

வருகிற ஞாயிறு அம்மாவுக்குப் பவுடர் பூச வேண்டாம். போனை மேசையில் சாத்தி வைத்துவிட்டு நீர் அந்தப் பக்கம் போம்.