திரையில் 9.5 வந்தால் போதுமா?

“ஐந்து வருடமாக ஓடும் வாட்டர் அயனைசர். விளக்கு எரிகிறது, திரையில் 9.5 என்று வருகிறது. ஆனால் வந்து பார்த்த மெக்கானிக், கன்ட்ரோல் போர்டு போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்கிறார். நம்பலாமா?” என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

வாட்டர் அயனைசர் என்பது தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, குடிக்கக் காரத் தண்ணீரையும் கழிவாக அமிலத் தண்ணீரையும் பிரித்துத் தரும் மெஷின். 9.5 என்பது பிஎச், அதாவது காரமா அமிலமா என்று சொல்லும் எண் (7-க்கு மேல் காரம், கீழே அமிலம்). முதலில் அந்த 9.5-ஐ மறந்துவிடுங்கள். பெரும்பாலான வீட்டு மெஷின்களில் அது தண்ணீரை அளந்து வருகிற எண்ணே இல்லை, நீங்கள் அழுத்திய பொத்தானுக்கென்று எழுதிவைத்த எண். உள்ளே தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சும் தகடுகளுக்குக் கரண்டே போகாவிட்டாலும் திரை 9.5 என்றுதான் சொல்லும். இதை விற்கும்போது ஒருவரும் சொல்வதில்லை.

போர்டைச் சோதிக்க மெஷினைத் திறக்க வேண்டாம் (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையில் கரண்ட் தங்கியிருக்கும்). பிஎச்சுக்கேற்ப நிறம் காட்டும் சொட்டுத் திரவம் ஒரு பாட்டில் போதும். குழாயை மிதமாகத் திறந்து அரை நிமிடம் ஓடவிட்டு, குடிக்கும் குழாயில் ஒரு டம்ளர், கழிவுக் குழாயில் ஒரு டம்ளர், சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர் பிடித்து, உடனே சொட்டு விடுங்கள். முதலாவது நீலம் அல்லது ஊதா, இரண்டாவது மஞ்சள் பக்கம் போனால் தகடுகள் இருக்கும் அறையான செல்லுக்குக் கரண்ட் போகிறது. அப்புறம் மெஷினில் பிஎச் அளவை ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கள், நிறமும் கூடவே ஏறினால் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. நிறம் இடம் மாறி, குடிக்கும் குழாயில் மஞ்சள் வந்தால் மின்முனையைத் திருப்பும் ரிலேயோ (மின் சுவிட்ச்) வால்வோ சிக்கியிருக்கிறது. அதைக் குடிக்காதீர்கள். ஆனால் மெஷின் தானே மின்முனையைத் திருப்பித் தகடுகளைக் கழுவும் தானியங்கிச் சுத்தம் ஓடும்போது பிடித்துவிட்டு இப்படிப் பயப்படக் கூடாது.

மூன்று டம்ளரும் ஒரே நிறமா? அப்போதும் போர்டு என்று முடிவுகட்டாதீர்கள். ஆர்ஓ தண்ணீரையா இதில் விடுகிறீர்கள்? பலர் அதைத்தான் செய்கிறார்கள். உப்பும் தாதுவும் வடித்தெடுத்த தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. மெஷின் புத்தம் புதிதாக இருந்தாலும் பிஎச் பெரிதாக அசையாது. ஆர்ஓவைக் கழற்றி மெஷினை நேரடியாகக் குழாயில் மாட்டி மறுபடி சோதியுங்கள், பல நேரம் “பழுது” அங்கேயே தீர்ந்துவிடும். ஆர்ஓவும் இதுவும் சேர்த்து ஒரே ஆளே விற்ற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பிறகு அவரே வந்து போர்டு மாற்றச் சொல்வார், கேட்டால் வாரண்டி முடிந்தது என்பார்.

அடுத்தது, தண்ணீர் ஓடுவதை உணரும் குட்டிச் சக்கரம். ஒரு மணல் துகள் சிக்கினாலும் தண்ணீர் வரவில்லை என்று நினைத்துப் போர்டு சும்மா இருக்கும். குழாயைத் திறந்தும் திரையில் எந்த மாற்றமும் இல்லையென்றால் சந்தேகம் இதன்மேல்தான். தகட்டில் உப்புப் படிந்திருந்தாலும் நிறம் ஏறாது, சிட்ரிக் அமிலம் விட்டுக் கழுவினால் சரியாகும்.

இத்தனைக்கும் பிறகும் நிறம் மாறவில்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, தண்ணீர் ஓடும்போது செல்லின் இரு முனையிலும் மல்டிமீட்டர் வைத்து எத்தனை வோல்ட் வருகிறது என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். வோல்ட் வந்தால் குறை செல்லில். வராவிட்டால் போர்டா பவர் சப்ளையா என்று அவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும், இரண்டும் வேறு வேறு பாகம், வேறு வேறு விலை. மீட்டரே கொண்டுவராதவர் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.