ஆணி, ஸ்க்ரூ இல்லாமல் வீட்டிலேயே தச்சு மேசை (மரத்தை வைத்து இழைக்க, அறுக்க உதவும் வேலை மேசை) செய்ய முடியுமா? ஆடாமல் நிற்குமா?

முடியும், நிற்கும். "இரும்பு ஆங்கிளை வெல்டிங் செய்து மேலே பிளைவுட் போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமே" என்று கீழே யாராவது எழுதுவார்கள். தாராளமாகச் செய்யட்டும், கேள்வி அதுவல்ல. "ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து காலால் பிடித்துக்கொண்டே நிலை, கதவெல்லாம் செய்யவில்லையா?" என்பவர்களும் வருவார்கள். அது சிறு வயதிலிருந்தே பழகிய உடம்பு. நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் ஆளுக்கு நின்று இழைப்பதுதான் தோது.

இழைப்புளி, ரம்பம், ஐந்து நூல் உளி (எட்டு நூல் ஒரு இஞ்சு), கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), மூலைமட்டம், ஒரு டிரில் ஆகியவை உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். மேற்பலகை 6 அடிக்கு 2 அடி, கனம் 3 இஞ்சு. கால்கள் 4க்கு 4 இஞ்சு. குறுக்குச் சட்டங்கள் ஆறும் 4க்கு 2 இஞ்சு: நீளவாக்கில் கீழே இரண்டு, பக்கத்துக்கு மேலும் கீழுமாக இரண்டிரண்டு. உயரம் 32, 33 இஞ்சு. சேதாரம் சேர்த்து ஆறரை கன அடி மரம் பிடிக்கும்.

வேம்பு போதும், தேக்கு வீண் செலவு. வைரப் பகுதியாக, அதாவது உள்ளே இருக்கும் கெட்டி மரமாகப் பார்த்து எடுங்கள். வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர் மரம்) இருந்தால் வண்டு விழுந்து மாவாகக் கொட்டும். பழைய வீட்டு உத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது, நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனால் அறுக்கும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள், உள்ளே முறிந்த ஆணி ஒன்று கிடந்தாலும் ரம்பம் போச்சு. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல மரக்கடைகளில் 4க்கு 2 என்று காசு வாங்கிக்கொண்டு மூணேமுக்காலுக்கு ஒண்ணேமுக்கால் சட்டம் கொடுக்கிறார்கள். கேட்டால் "ரம்பம் தின்ற கணக்கு" என்பார்கள். ரம்பம் தின்றதற்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? டேப்போடு போங்கள், கன அடியை நீங்களே போட்டுப் பாருங்கள்.

மேசை ஆடுவது மேற்பலகையால் அல்ல, காலும் சட்டமும் சேரும் இடத்தால். மொத்தம் 12 கழுந்து (காலில் எடுத்த துளைக்குள் செருக, சட்டத்தின் முனையில் சீவி விடும் நாக்கு), உழைப்பையெல்லாம் அங்கே போடுங்கள். கழுந்து கனம் 5 நூல், அகலம் 3 இஞ்சு, நீளம் இரண்டரை இஞ்சு. துளையை அதைவிட ஒரு நூல் ஆழமாக எடுங்கள். இல்லையென்றால் கழுந்தின் முனை அடியில் முட்டி, தோள் (கழுந்தின் அடியில் சட்டம் அகலமாகும் இடம்) காலோடு ஒட்டாமல் இடைவெளி விடும். பக்கச் சட்டம் தரையிலிருந்து 4 இஞ்சிலும் நீளச் சட்டம் 9 இஞ்சிலும் இருக்கட்டும். ஒரே உயரத்தில் வைத்தால் இரண்டு துளையும் காலுக்குள் மோதிக்கொள்ளும்.

பசையை நம்ப வேண்டாம், முளை, அதாவது மூங்கில் குச்சி, அடித்து இறுக்குங்கள். காலின் விளிம்பிலிருந்து முக்கால் இஞ்சு தள்ளி, துளையின் குறுக்கே 3 நூல் ஓட்டை போடுங்கள். கழுந்தை உள்ளே முழுக்கச் செருகி, அதே ஓட்டை வழியாக டிரில் பிட்டின் முனையால் புள்ளி வைத்து வெளியே எடுங்கள். கழுந்தில் ஓட்டை போடும்போது அந்தப் புள்ளியிலிருந்து அரை நூல் தோள் பக்கம் தள்ளிப் போட வேண்டும். முளை அடித்ததும் அந்த அரை நூல் வித்தியாசம்தான் தோளைக் காலோடு இழுத்துப் பிடிக்கும். எதிர்ப்பக்கம் தள்ளினால் இணைப்பு திறந்துகொள்ளும். ஒரு நூலுக்கு மேல் தள்ளினால் முளை முறியும், அல்லது கழுந்து வெடிக்கும். முளைக்கு முற்றிய கல்மூங்கில். அதை அறுக்காமல் பிளந்து சீவுங்கள். அறுத்தால் நார் வெட்டுப்பட்டு அடிக்கும்போதே ஒடியும். முனையைக் கூராக்கி, மெழுகு தடவி அடியுங்கள்.

மேற்பலகைக்கு 8 இஞ்சுப் பலகை மூன்றைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளலாம். காலின் தலையில் ஒன்றரை இஞ்சுக் கழுந்து விட்டு அதன் மேல் உட்கார வையுங்கள். முன்கால்களுக்குத் துளை இறுக்கமாக இருக்கட்டும், முளையும் அடிக்கலாம். பின்கால் துளைகளை மட்டும் அகலவாக்கில் இரு பக்கமும் ஒரு நூல் கூட்டிவிடுங்கள், பசை வேண்டாம். ஐப்பசி மழையில் பலகை ஊதும், சித்திரையில் சுருங்கும். நாலு காலிலும் இறுக்கிப் பிடித்தால் நடுவே பிளந்துவிடும். மேசை மொத்தம் நூறு கிலோ எடை, எங்கேயும் நகராது.

மேற்பரப்பை இப்போது சுமாராக இழைத்தால் போதும். ஒரு மழைக்காலம் கடந்த பிறகு மட்டம் பார்த்து மறுபடி இழைத்து, ஆளிவிதை எண்ணெய் தேயுங்கள். வார்னிஷ் வேண்டாம், இழைக்கும் மரம் வழுக்கும்.