கடைசி ரீலை யார் பார்த்தார்கள்?

கேள்வி: நான் ஒரு பள்ளி ஆசிரியை. எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், அட்டையில் பட்டாக்கத்தி செய்து ஜிகினாத் தாள் ஒட்டி, அதனால் பிறந்தநாள் கேக் வெட்டி வீடியோ போட்டிருக்கிறான். பின்னணியில் ஒரு ரவுடிப் படத்தின் இசை. டைரக்டர்களைக் கேட்டால், "கடைசியில் அவன் அழிவதைத்தானே காட்டுகிறோம்" என்கிறார்கள். உங்கள் பத்திரிகையோ அந்தப் படங்களைப் பக்கம் பக்கமாகப் பாராட்டுகிறது. சின்னப் பையன்களைக் குறிவைத்தே எடுக்கப்படும் இந்தப் படங்களைத் தடை செய்யச் சொல்லி எழுத உங்களுக்குத் தைரியம் உண்டா?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: தைரியம் உண்டு. எண்ணம்தான் இல்லை.

முதலில் அந்த கேக். 2018 பிப்ரவரியில் சென்னைக்கு வெளியே மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடி அரிவாளால் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாடினார். போலீஸ் சுற்றி வளைத்து எழுபது பேருக்கு மேல் அள்ளிக்கொண்டு போனது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அதை எந்த டைரக்டரும் எடுக்கவில்லை. நியூஸ் சேனல்கள்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டின. பஸ்ஸில் 'ரூட்டு தல' (அந்த பஸ் ரூட்டில் வரும் மாணவர் கூட்டத்துக்குத் தலைவன்) என்று மாணவர்கள் அடித்துக்கொள்வதும் சினிமா கண்டுபிடித்தது அல்ல. தெருவுக்கும் சினிமாவுக்கும் எப்போதும் கொடுக்கல் வாங்கல் உண்டு. யார் யாருக்குக் கடன் என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

இரண்டாவது, இந்தப் படங்கள் பையன்களைப் பிடிப்பது கத்தியைக் காட்டி என்று நினைக்கிறீர்கள். அது சரியில்லை. 'பொல்லாதவன்' (2007) எதைச் சுற்றி நடக்கிறது? ஒரு பைக். வேலையில்லாத பையன் அப்பா கொடுத்த காசில் பைக் வாங்குகிறான், அது திருடு போகிறது, தேடிப் போன இடத்தில் வேறொரு உலகம். 'வடசென்னை' (2018) நாயகன் கேரம் ஆடுகிறவன். 'புதுப்பேட்டை' (2006) நாயகன் தொடக்கத்தில் ஒரு பள்ளி மாணவன். அம்மாவை அப்பாவே கொன்றதைக் கண்டு வீட்டைவிட்டு ஓடுகிறான். அதுவரை நம் சினிமாவில் ரவுடி என்றால் மீசையும் லுங்கியுமாக மாமா வயசில் ஒருவர். இந்தப் படங்களில்தான் ஒல்லியாக, பக்கத்து வீட்டுப் பையன் ஜாடையில் ஒருவன் வந்தான். பைக், கேரம் போர்டு, ஏரியா பசங்க, வேலை கிடைக்காத எரிச்சல் என்று பதினெட்டு வயசுக்காரன் கையில் நிஜமாக என்னென்ன இருக்கிறதோ அதிலிருந்து கதை தொடங்கியது. அதைத்தான் பாராட்டினோம். இனியும் பாராட்டுவோம். (கன்டெய்னரில் போதைப்பொருள், தோளில் பீரங்கி மாதிரி ஒரு துப்பாக்கி என்று இப்போது வருகிறவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றில் ஊரும் இல்லை, பையனும் இல்லை.)

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு இடம் என்னைக் குத்தியது. "கடைசியில் அழிவதைக் காட்டுகிறோம்" என்ற அந்தப் பதில். அதைப் பற்றிச் சொல்கிறேன்.

கொஞ்ச நாள் முன்பு பதினெட்டு வயசு ஆனவர்கள் மட்டும் பார்க்க வேண்டிய ஒரு 'ஏ' படத்துக்குக் காலைக் காட்சி போயிருந்தேன். கேட்டில் எனக்கு முன்னால் ஒரு பையன். பள்ளிக்கூட பேன்ட், மேலே கறுப்பு டி-ஷர்ட். டிக்கெட் கிழிப்பவர் கேட்டார்: "எத்தனாவதுடா படிக்கிற?" "காலேஜ்ண்ணா." "எந்தக் காலேஜ்?" பதில் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விட்டார். பையன் எனக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தான். நாயகன் அறிமுகக் காட்சி வந்ததும் போனைத் தூக்கிப் பிடித்து எடுத்தான், எடுத்த கையோடு ஸ்டேட்டஸில் போட்டான். இடைவேளைக்குப் பிறகு அந்த நாயகன் சொந்த நண்பனாலேயே வெட்டுப்பட்டு, ஈ மொய்க்கக் கிடக்கிறான். ஐந்து நிமிடம் காமிரா நகரவே இல்லை. டைரக்டர் உயிரைக் கொடுத்து எடுத்திருக்கிறார். பையன் அப்போது ஸ்டேட்டஸை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

அவனாவது தியேட்டருக்கு வந்தான். உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன் முழுப் படத்தையும் பார்த்திருப்பான் என்பது சந்தேகம். அவனுக்கு வந்து சேர்வது டீசர், பாட்டு, பி.ஜி.எம்., நடந்து வரும் அந்த அரை நிமிடம். இவை யூடியூபில் எல்லா வயசுக்கும் திறந்து கிடக்கின்றன. படத்துக்கு 'ஏ' வாங்கிவிட்டு, படத்தின் விளம்பரத்தை எட்டாம் வகுப்புக்கு அனுப்புகிறவர்களுக்கு, அழிவைக் காட்டினோம் என்று சொல்ல என்ன உரிமை இருக்கிறது? அழிவை யாரிடம் காட்டினார்கள்?

புது வியாதி இல்லை இது. அமெரிக்காவில் 1931-ல் 'தி பப்ளிக் எனிமி' வந்தபோது, ரவுடியைப் பெருமைப்படுத்துவது எங்கள் நோக்கமல்ல என்று படத்தின் முகப்பிலேயே அட்டை போட்டார்கள். முடிவில் நாயகனைப் பிணமாகக் கட்டி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், கதவைத் திறந்ததும் முகம் குப்புற விழுகிறது. ஆனால் ஊர் ஞாபகம் வைத்திருப்பது வேறு காட்சியை. காலைச் சாப்பாட்டு மேஜையில் பம்பளிமாஸ் மாதிரி ஒரு பழத்தைப் பெண்ணின் முகத்தில் வைத்து அழுத்துவானே, அதை.

இதில் சென்சாரின் பங்கு தனி வேடிக்கை. 'ஏ' படத்தை அப்படியே டி.வி.யில் போட முடியாது. வெட்டி, மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். என்ன வெட்டுப்படும்? ரத்தம், கெட்ட வார்த்தை, சாகிறவனின் துடிப்பு. என்ன மிஞ்சும்? நடை, சிகரெட், பஞ்ச் வசனம். வலியை எடுத்துவிட்டு ஸ்டைலை மட்டும் வைத்து, இது குழந்தைகளுக்கு ஏற்றது என்று முத்திரை குத்துகிறோம். என்னைக் கேட்டால் வெட்டாத படமே குறைந்த கெடுதல். அதில் கத்தி பட்டால் வலிக்கும் என்றாவது தெரியும்.

வெட்டியவர்களும் குழந்தைகள் மேல் அக்கறையால் வெட்டினார்களா? 2011-லிருந்து ஜி.எஸ்.டி. வரும்வரை தமிழ்நாட்டில் கேளிக்கை வரி விலக்கு வேண்டுமென்றால் எல்லா வயசுக்காரரும் பார்க்கலாம் என்ற 'யு' சான்றிதழ் இருக்க வேண்டும். அக்கறை அங்கே இருந்தது. இன்றைக்கு அது டிக்கெட் எண்ணிக்கையில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் 'கூலி' படத்துக்கு 'ஏ' கொடுத்தார்கள். தயாரிப்பு நிறுவனம் 'யு/ஏ' கேட்டு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது, மனு தள்ளுபடியானது. ரஜினி படத்துக்குப் பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள் வாசலில் சண்டை போட்டார்கள் என்றும் படித்தோம். தியேட்டர்காரர் சட்டப்படி நடந்தால் நமக்குக் கோபம் வருகிறது பாருங்கள்! 'யு/ஏ'-வை இப்போது 7, 13, 16 என்று வயசு வாரியாகப் பிரித்துவிட்டார்கள். அதிலும் கடைசி முடிவு பெற்றோர் கையில்தான். அந்தப் பெற்றோர்தான் கைக்குழந்தையோடு இரவுக் காட்சிக்கு வருகிறார்கள்.

தடை கேட்கிறீர்கள். தடை போட்டால் முதலில் சிக்குவது நல்ல படம்தான். பெரிய நடிகர் படத்துக்கு வக்கீல் உண்டு. நான் கேட்பது சின்ன விஷயம்: படத்துக்கு என்ன சான்றிதழோ அதே வயசு வரம்பு டீசருக்கும் பாட்டுக்கும் இருக்கட்டும். டிக்கெட் கிழிக்கிற அண்ணன் சிரிக்காமல் இருக்கட்டும். அப்புறம் அந்தப் பையனை ஹெட்மாஸ்டர் அறைக்கு அனுப்புவதற்கு முன்னால், அவன் பின்னணியில் போட்ட இசை எந்தப் படம், அதில் நாயகன் கடைசியில் என்ன ஆனான் என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்திருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

எங்கள் பத்திரிகை மேல் நீங்கள் வைத்த குற்றச்சாட்டில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். விமர்சனம் எழுதியது உள்ளே பதினெட்டாம் பக்கத்தில். அட்டையில் போட்டது ரத்தம் சொட்டும் கத்தியோடு நாயகன் நிற்கும் ஸ்டில். அந்த இதழ் கடைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. அடுத்த இதழுக்கு வேறு அட்டை போடலாம் என்று பேசினோம். அதற்குள் அச்சுக்குப் போய்விட்டது.